ஜாம் போத்தலும் மாமைட் போத்தலும்

கனடாவிலும் இங்கிலாந்திலும் வளைகுடா நாடுகளிலும் வாழும் நம்மூர் நண்பர்கள் சிலர் அவ்வப்போது எனக்கு மடல் எழுதுவார்கள். ஊர்ச் செய்திகளை விசாரித்துவிட்டு, பெரும்பாலும் பழைய நாட்களைப் பற்றிய ஏக்கத்தோடு முடிப்பார்கள். சாம்பலும் பொச்சும் கொண்டு சட்டி பானை துலக்கியது, சிரட்டைக் கரியில் சட்டை அழுத்தியது, உமிக்கரியால் பல் விளக்கியது, அரிசிப் பானைக்குள் காய்ந்த மிளகாயும் வேப்பிலையும் போட்டு வண்டு வராமல் காத்தது என்று பட்டியல் நீளும். "அந்தக் காலத்தில் நம் உம்மாமார் ஒரு சதம் செலவில்லாமல் வீட்டை எப்படி நடத்தினார்கள்! அதையெல்லாம் நீங்கள் எழுதி வைக்க வேண்டும்" என்று கேட்டுக்கொள்வார்கள்.

எழுதத்தான் வேண்டும். ஆனால் இந்தக் கைவேலைகளைச் சமையற்குறிப்பு போல வரிசைப்படுத்துவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. அவை ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆண்டு உண்டு. ஒரு காரணம் உண்டு. கல்முனை முதல் பொத்துவில் வரையான இந்தக் கரையோரத்தின் அரசியல் வரலாற்றை அடுப்படிப் பொருட்களை வைத்தே எழுதிவிடலாம் என்பது என் நீண்டகால எண்ணம். அதற்கான சிறு முயற்சியே இக்கட்டுரை.

முதலில் தகரத்தில் இருந்து தொடங்குகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மண்ணெண்ணெய் ஆசிய நாடுகளுக்கு நாலு கலன் கொள்ளும் சதுரத் தகரங்களில் வந்து இறங்கியது. 1892இல் மார்க்கஸ் சாமுவேல் என்ற ஆங்கிலேய வணிகர் 'மியூரெக்ஸ்' என்னும் எண்ணெய்க் கப்பலைச் சுயெஸ் கால்வாய் வழியாகக் கீழைத்தேயத்துக்கு அனுப்பினார். தகரச் செலவு இல்லாமல் மொத்தமாகக் கொண்டுவந்தால் அமெரிக்க ஸ்டாண்டர்ட் ஒயில் நிறுவனத்தை விலையில் வென்றுவிடலாம் என்பது அவருடைய கணக்கு. மக்கள் தத்தம் பாத்திரங்களோடு வந்து வாங்கிக்கொள்வார்கள் என்று அவர் எதிர்பார்த்தார். மக்கள் வரவில்லை. ஏனென்றால் அவர்களுக்கு எண்ணெயைப் போலவே தகரமும் தேவைப்பட்டது. வெறுமையான தகரம் வாளியாயிற்று, அடுப்பாயிற்று, பெட்டியாயிற்று, தட்டி விரித்தால் கூரையும் ஆயிற்று. கடைசியில் சாமுவேல் கிழக்கிலேயே சிவப்புத் தகரங்களைச் செய்வித்து அவற்றில் அடைத்து விற்க வேண்டியதாயிற்று. பிற்காலத்தில் 'ஷெல்' என்று உலகறிந்த நிறுவனத்தின் தொடக்க வரலாறு இது. ஏழை வீட்டுப் பெண்ணின் சிக்கனத்துக்கு முன்னால் ஒரு பெரும் வணிகர் தம் திட்டத்தைத் திருத்திக்கொண்டார்.

என் இளமையில்கூட எங்கள் வளவில் அத்தகைய தகரங்கள் இருந்தன. கிணற்றடியில் ஒன்று, மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒன்று, நெல் அவிக்கும் அடுப்பாக ஒன்று. எதையும் வீசும் வழக்கம் எங்கள் மூத்தம்மாவிடம் இருந்ததில்லை.

இனி ஆண்டுகளுக்கு வருவோம். 1942இல் பர்மா ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அரிசியில் பெரும்பகுதியை இறக்குமதி செய்துவந்த இலங்கைக்கு அந்தக் கப்பல்கள் நின்றுபோயின. பங்கீடு வந்தது, கூப்பன் வந்தது. மூத்தோர் வாயில் 'சண்டைக் காலம்' என்று நெடுநாள் வழங்கியது இந்தக் காலந்தான். இரண்டாம் முறை நெருக்கடி வந்தது 1973இல். உலகச் சந்தையில் எண்ணெயின் விலையும் தானியத்தின் விலையும் ஒருசேர ஏறின. கூப்பன் அரிசியின் அளவு குறைக்கப்பட்டது. இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் சவர்க்காரம் முதல் சட்டைத் துணி வரை தட்டுப்பாடாயிற்று. அரிசியை இடம் விட்டு இடம் கொண்டுசெல்வதற்கும் தடை இருந்தது. நெல் விளையும் எங்கள் மாவட்டத்தில் இருந்து, நெல் விளையாத ஊரில் வாழ்க்கைப்பட்ட மகளுக்கு ஒரு சிறு பொட்டலம் அரிசி அனுப்பப் பயந்த பெற்றோர் இருந்தார்கள். பாணுக்கு வரிசையில் நின்றார்கள். மரவள்ளிக் கிழங்கை அவித்துப் பசியாறினார்கள்.

அதே ஆண்டுகளில் மருதமுனையின் தறிகள் செழித்தன என்பதையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டுத் துணி வராத காலத்தில் கைத்தறிக்கு நல்ல சந்தை இருந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் அந்தச் செழிப்பு குறைந்தது. தறியில் எஞ்சிய கழிவு நூல் அயலூர் வீடுகளுக்கெல்லாம் போனது. அதைத் திரித்து விளக்குத் திரியாக்கினார்கள், முறுக்கிக் கயிறாக்கினார்கள், தலையணைக்குள் அடைத்தார்கள். கடையில் திரி வாங்கியதாக எனக்கு நினைவே இல்லை.

அந்தத் திரி போய்ச் சேர்ந்த இடம் குப்பி விளக்கு. இக்கட்டுரையின் மையப் பொருள் அதுவேயாதலால் சற்று விளக்கமாகச் சொல்கிறேன். மருந்துக் குப்பியோ, சோடாப் போத்தலோ, வெறுமையான ஏதோவொரு கண்ணாடிப் போத்தலோ எடுத்துக்கொள்வார்கள். மூடியில் ஆணியால் ஒரு துளை. அத்துளையில் தகரத் துண்டைச் சுருட்டிச் செய்த சிறு குழாய். குழாய்க்குள் திரி. போத்தலில் மண்ணெண்ணெய். செலவு என்று சொல்ல எதுவுமில்லை. மின்சாரம் எட்டாத ஊர்களில் குழந்தைகள் குர்ஆன் ஓதியதும் பாடம் படித்ததும் இந்த வெளிச்சத்தில்தான். விடியப் பார்த்தால் மூக்கு நிறையக் கரி இருக்கும்.

ஆனால் இந்த விளக்கு உயரமானது, அடி சிறுத்தது, கனமற்றது. பூனை பாய்ந்தாலும், பிள்ளை கை தட்டினாலும், வாடைக்காற்று வீசினாலும் சரிந்துவிடும். சரிந்தால் உருளும். உருண்டால் இறுக்கமில்லாத மூடி கழன்று எண்ணெய் கொட்டும். கொட்டிய எண்ணெயின் நடுவில் திரி எரிந்துகொண்டிருக்கும். பாயில் படுத்திருப்பவர்களுக்கு எழுந்து விலகக்கூட நேரம் இராது. கிடுகு வேய்ந்த வீடென்றால் வீடும் போய்விடும். 1977க்குப் பிறகு மலிவான நைலோன், பொலியெஸ்டர் துணிகள் நாடெங்கும் பரவியபோது நிலைமை இன்னும் மோசமாயிற்று. பருத்தி எரிந்தால் சாம்பலாகும். நைலோன் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில் பிரதேசச் செய்திகளில் அடிக்கடி கண்ட வரி ஒன்று உண்டு. 'குப்பி விளக்கு சரிந்து தீக்காயங்களுக்குள்ளான பெண் வைத்தியசாலையில் மரணம்.' ஒற்றைப் பத்தி, நாலு வரி, உட்பக்கத்தில் ஒரு மூலை. போர்ச் செய்திகள் முதற்பக்கத்தை நிறைத்த நாட்கள் அவை. குண்டு வெடித்து இறந்தவருக்கு ஒரு தலைப்பாவது கிடைத்தது. விளக்குச் சரிந்து இறந்தவளுக்கு அதுவும் கிடைக்கவில்லை. இறந்தவர்களில் பலர் பெண்களும் குழந்தைகளும். விளக்கேற்றுகிறவர்களும் விளக்கருகே இருப்பவர்களும் அவர்கள்தானே.

இங்கே வடக்கே ஒரு கணம் திரும்ப வேண்டும். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், ரோர்ச் பற்றரி, சீமெந்து, பசளை என்று நீண்டதொரு தடைப்பட்டியல் நடைமுறைக்கு வந்தது. மண்ணெண்ணெய் கிடைத்தால் பொன். அந்நாட்களில் யாழ்ப்பாணத்து மக்கள் செய்த கைவேலைகளை அங்கு வாழ்ந்த எவரிடமும் கேட்டுப் பாருங்கள். ஓர் இரவு போதாது. மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு இயந்திரத்தைக் கிளப்புவார்கள். சூடேறியபின் மண்ணெண்ணெயே போதும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பனம்பழத்தின் களியைத் தேய்த்துத் துணி துவைத்தார்கள்; அது அவர்களுடைய பாட்டிமார் அறிந்திருந்த வழி.

விளக்குக்கு அவர்கள் கண்ட வழி ஜாம் போத்தல். அடியில் கொஞ்சம் பஞ்சு. பஞ்சு நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். சைக்கிள் வால்வுக் கட்டையில் ஒரு நூல் திரி. போத்தலின் சுவரே காற்றுக்கு மறைப்பு. விரற்கடை அளவுச் சுடர்தான்; ஆனால் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அதன் முன் அமர்ந்து படித்துப் பரீட்சை எழுதினார்கள். எண்ணெயைச் சேமிக்கச் செய்த ஏற்பாடு அது. இருந்தாலும் அகன்ற குட்டைப் போத்தலாகையால் எளிதில் சரியாது; எண்ணெய் பஞ்சுக்குள் இருப்பதால் சரிந்தாலும் அவ்வளவாகக் கொட்டாது.

அதே காலப்பகுதியில், அதே நாட்டின் தெற்கில், இன்னொரு மனிதர் இன்னொரு போத்தலைக் கையில் எடுத்தார். டாக்டர் விஜய கொடகும்புர ஒரு சத்திர சிகிச்சை நிபுணர். குப்பி விளக்கினால் எரிந்து வந்தவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் சிகிச்சையளித்தவர். காயத்துக்கு மருந்திடுவதோடு நின்றுவிடாமல், காயம் ஏன் வருகிறது என்று யோசித்தார். அவர் கண்ணில் பட்டது மாமைட் போத்தல். குட்டையானது, கனமானது, பக்கங்கள் தட்டையானவை. விழுந்தாலும் உருளாது; எளிதில் உடையாது. அதை மாதிரியாகக் கொண்டு, திருகி இறுக்கும் உலோக மூடியோடு, பழைய கண்ணாடியை உருக்கி வார்த்த தடித்த சிறு விளக்கொன்றை 1990களின் தொடக்கத்தில் உருவாக்கினார். 'சுதீபா' என்று பெயர். 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. இலட்சக் கணக்கில் அந்த விளக்குகள் நாட்டின் குடிசைகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

ஒரு நாடு இரண்டாகப் பிளந்து கிடந்த ஆண்டுகளில், பாணுக்குப் பூசும் பண்டம் தீர்ந்த இரண்டு வெறும் போத்தல்கள் ஏறத்தாழ ஒரே விடைக்கு வந்து சேர்ந்தன. ஒன்றைச் செய்தவர் பெயர் தெரியாத வீட்டுக்காரர்கள். மற்றதைச் செய்தவர் உலகம் அறிந்த வைத்தியர். இருவரும் ஒருவரையொருவர் அறிய வழியில்லாதபடி பாதை மூடிக் கிடந்தது. போரில் நாம் இழந்தவற்றைக் கணக்கிடும்போது இத்தகைய சிறு இழப்புகளை யாரும் சேர்ப்பதில்லை.

அடுப்பின் கதையும் இப்படிப்பட்டதே. சம்மாந்துறையும் நிந்தவூரும் நெல் ஆலைகள் நிறைந்த ஊர்கள். மலையாய்க் குவியும் உமியை எரிபொருளாக்கும் அறிவு எங்கள் பெண்களுக்கு உண்டு. பெரிய தகரமொன்றின் அடிப்பக்கத்தில் ஒரு வாயை வெட்டி, நடுவில் ஒரு போத்தலை நிறுத்தி, சுற்றிலும் உமியையோ மரத்தூளையோ இடித்து இறுக்கி, பிறகு போத்தலை மெல்ல உருவிவிடுவார்கள். நடுவில் உண்டாகும் துவாரமே புகைபோக்கி. கீழே தீ வைத்தால் காற்று கீழிருந்து மேலே இழுபட்டு, உட்சுவர் மெதுவாகக் கனன்று மணிக்கணக்கில் எரியும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஆனால் இறுக்கும் பதம் கைக்குத் தெரிய வேண்டும். தளர இறுக்கினால் இடிந்து விழும். மிக இறுக்கினால் புகைந்து அணையும்.

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு சூறாவளி அடித்தபோது எனக்கு எட்டு வயது. விடிந்து பார்த்தபோது தென்னந்தோப்புகள் படுத்துக் கிடந்தன. விறகுக்கு அதன் பின் நெடுநாள் குறைவிருக்கவில்லை. கூரைக்குக் கிடுகும், கறிக்குத் தேங்காயும், எரிக்கத் தேங்காயெண்ணெயும் இல்லாமற் போயின. தென்னை மீண்டும் காய்க்க ஆண்டுகள் எடுத்தன. ஒரு மரத்தை நம்பி எத்தனை சிக்கனங்கள் நின்றன என்பது அம்மரம் விழுந்த பிறகே விளங்கியது.

பிறகு காஸ் அடுப்பு வந்தது. உமி அடுப்பு பின்வளவில் துருப்பிடித்தது. 2021 நவம்பரில் நாடெங்கும் காஸ் அடுப்புகள் வெடிக்கத் தொடங்கின. சிலிண்டருக்குள் இருந்த புரொப்பேன், பியூட்டேன் கலவையின் விகிதம் மாறியது பற்றிப் பெரும் சர்ச்சை எழுந்தது. அடுத்த சில மாதங்களில் காஸே கிடைக்கவில்லை. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு. அப்போது எங்கள் ஊர்களில் மூத்த பெண்களுக்குத் திடீரென்று ஒரு மதிப்பு வந்ததை நான் கண்டேன். மரத்தூள் அடுப்பை இடிக்கத் தெரிந்தவரைத் தேடி இளம் மருமக்கள் வந்தார்கள். கைப்பேசியில் எல்லாவற்றையும் பார்த்துச் செய்யும் தலைமுறை, "மாமி, எவ்வளவு இறுக்க வேண்டும்?" என்று கேட்டு நின்றது. மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் நவீன வீடுகளின் அடைத்த குசினிகளில் அந்தப் புகை எங்கே போகும்? மூத்தம்மா சமைத்த குசினி வீட்டுக்கு வெளியே, மூன்று பக்கமும் திறந்து கிடந்த கொட்டில். அந்த அடுப்பு அந்தக் கொட்டிலுக்கென்று பிறந்தது. வீட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் கண்ணெரிச்சலும் தலைவலியுமாக அவதிப்பட்டார்கள். கனலும் உமியில் இருந்து வரும் நச்சுவாயு மூடிய அறையில் உயிரையும் எடுக்கும்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் திகதி மண்ணெண்ணெயின் விலை லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாயாக ஒரே இரவில் உயர்த்தப்பட்டது. கல்முனைக் கரையில் இயந்திரப் படகுகள் ஏறிக் கிடந்தன. குப்பி விளக்குக்குத் திரும்பலாம் என்று நினைத்த ஏழைக்கும் அந்த வழி அடைபட்டது. மலிவான மாற்றுவழி என்பதும் யாரோ நிர்ணயிக்கும் ஒரு விலையில்தான் தொங்குகிறது.

கடைசியாகக் கிணறு. எங்கள் கரையோரக் கிணறுகள் ஆழமற்றவை. மணலுக்குள் இறங்கிய மழைநீர், அதைவிடக் கனமான உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கலங்கிய நீரைத் தெளியவைக்கத் தேத்தாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் உரைப்பது பழைய வழக்கம். அந்த மரத்துக்குச் சிங்களத்தில் 'இங்கினி' என்று பெயர். எங்கள் வயல்களுக்கெல்லாம் நீர் தரும் சேனநாயக்க சமுத்திரம் அணைகட்டப்பட்ட இடமான இங்கினியாகல அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. நீரைத் தெளிவிக்கும் மரம் பெருநீர்த்தேக்கத்தின் ஊர்ப்பெயரிலேயே இருப்பது எனக்குப் பிடித்த செய்தி.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் மிக அதிகமான உயிரிழப்பு இங்கேதான். மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் கடலோரக் கிணறுகளெல்லாம் உப்பாயின. உதவிக்கு வந்தவர்கள் பம்பிகளைக் கொண்டுவந்து கிணறுகளை இறைத்தார்கள்; மீண்டும் மீண்டும் இறைத்தார்கள். உப்பு போகவில்லை. மிகையாக இறைத்தால் மேலே மிதக்கும் நன்னீர் போய், அடியிலுள்ள உவர்நீர் ஏறிவரும். சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவகம் கிழக்குக் கரையில் செய்த ஆய்வு, கிணறுகளைத் தேற்றுவதில் இறைப்பைவிட மழைக்கே பெரும் பங்கு உண்டென்று காட்டியது. "இரண்டு மாரி போகட்டும்" என்று ஊர்க் கிழவர்கள் சொன்னதும் ஏறக்குறைய அதுவேதான். அவர்கள் சொல்லைக் கேட்டுக் குறித்துக்கொள்ள அப்போது எவருக்கும் அவகாசம் இருக்கவில்லை. அதற்காகப் பழையவை எல்லாம் சரியென்றும் கொள்ளலாகாது. தேத்தாங்கொட்டை கலங்கலைப் படியவைக்கும், உப்பை நீக்காது, கிருமியை முற்றாகக் கொல்லாது. முகாம்களில் வயிற்றோட்டம் பரவாமல் காத்தவை குளோரினும் கொதிநீரும்.

ஆகவே, மடல் எழுதும் நண்பர்களுக்கு என் பதில் இதுதான். இந்தக் கைவேலைகளை நிச்சயம் எழுதி வைப்போம். எழுதும்போது அவை எந்த ஆண்டில், எதனால் தேவைப்பட்டன என்பதையும் சேர்த்து எழுதுவோம். உமி அடுப்பென்றால் கூடவே திறந்த கொட்டிலையும் குறிப்பிடுவோம். குப்பி விளக்கென்றால் அதனால் எரிந்தவர்களையும் குறிப்பிடுவோம். தட்டுப்பாட்டை உண்டாக்கியவர்கள் மேடைகளில் நின்று மக்களின் சிக்கனத்தைப் புகழ்வதை நான் இந்தத் தொழிலில் பல தடவை கேட்டிருக்கிறேன். வரிசையில் நின்றவளுக்கும், புகையில் இருமியவளுக்கும் அப்புகழ்ச்சியால் ஒரு பயனும் விளைந்ததில்லை. அவர்களுடைய அறிவு பாராட்டுக்குரியது என்பதில் ஐயமில்லை. அந்த அறிவு அவர்களிடம் வலிந்து கேட்கப்பட்ட விதந்தான் கேள்விக்குரியது.

உங்கள் வீட்டில் மூத்த பெண்கள் உயிரோடிருந்தால், இந்த வாரமே ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். எப்படிச் செய்தீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த ஆண்டு என்று கேளுங்கள். யாருக்காவது காயம் பட்டதா என்று கேளுங்கள். பட்டவரின் பெயரையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய பத்திரிகைகளின் அந்த நாலு வரிச் செய்திகளில் பெயர்கள்கூடப் பல வேளைகளில் விடுபட்டுப் போயின.